ஊரிகம் எங்கே இருக்கிறது? இணையத் தலைப்பில் தொலைந்த ஊர்

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகும் சாயங்கால ரயில், பங்காருப்பேட்டையில் மெயின் லைனை விட்டுக் கிளைப்பாதையில் திரும்பும். அதற்கப்புறம் ஐந்தே ஸ்டேஷன்: கோரமண்டல், பெமல் நகர், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம். தங்கச் சுரங்கத்துக்காக 1894-ல் போட்ட பாதை. பாரத் கோல்ட் மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடிய பிறகு, இதில் ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்புகிற ஜனங்கள். அவர்களோடு ஒருநாள் நானும் நின்றுகொண்டே வந்தேன். பங்காருப்பேட்டையில்தான் உட்கார இடம் கிடைத்தது. பொழுது போகவில்லை. வரப்போகிற ஸ்டேஷன்களின் பெயரை ஒவ்வொன்றாக போனில் தேட ஆரம்பித்தேன்.

கோரமண்டல் என்று அடித்தால் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஓடுகிற எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் உரக் கம்பெனி. பெமல் என்றால் பங்கு விலை. சாம்பியன் என்றால் கிரிக்கெட் கோப்பை. எல்லாவற்றுக்கும் பொதுவாக, கோலார் தங்கவயலைச் சுருக்கி கேஜிஎஃப் என்று போட்டேன். நடிகர் யஷ் தாடியோடு முறைக்கிறார். 2018 டிசம்பரில் அந்தப் பெயர் கொண்ட படத்தின் முதல் பாகம், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்ததோடு அந்த மூன்றெழுத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. தெருவில் மூன்று தலைமுறையாக "எங்க ஊரு கேஜிஎஃப்பு" என்று சொல்லி வந்தவர்கள், இப்போது "நெஜ கேஜிஎஃப்பு" என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஐந்தில் ஊரிகத்தின் கதைதான் விசித்திரம்.

ஆங்கிலத்தில் இந்த ஊருக்கு ஒரே ஸ்பெல்லிங் கிடையாது. ஸ்டேஷன் போர்டில் இருப்பது ஓ, ஓ, ஆர், ஜி, ஏ, யு, எம். வெள்ளைக்காரர் காலத்துக் கம்பெனி எழுதியது ஓ, ஓ, ஆர், இ, ஜி, யு, எம். கம்பெனி ஸ்பெல்லிங்கைப் போட்டுத் தேடினேன். சுரங்கம் வரும் என்று பார்த்தால் சட்டக் கல்லூரி நோட்ஸ் வருகிறது! ஊரிகம் கோல்ட் மைனிங் கம்பெனி எதிர் ரோப்பர், 1892, பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் தீர்ப்பு. 1885-ல் கம்பெனி கையில் காசில்லை. ஒரு பவுண்டு பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்குத்தான் போனது. முழு விலைக்குப் புதுப் பங்கு வெளியிட்டால் யார் வாங்குவார்கள்? ஒவ்வொரு முன்னுரிமைப் பங்கிலும் 15 ஷில்லிங் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொண்டு, மீதி 5 ஷில்லிங்கை மட்டும் கேட்டார்கள். பிறகு கம்பெனிக்கு நல்ல காலம் பிறந்து பங்கு விலை ஏறியது. ரோப்பர் என்ற பங்குதாரர் கோர்ட்டுக்குப் போனார். முகமதிப்புக்குக் கீழே பங்கு கொடுப்பது செல்லாது என்று முடிந்தது. நம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 53-வது பிரிவிலும் அதே தடை இருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். பெமல் நகருக்கும் சாம்பியனுக்கும் நடுவே ரயில் நின்று போகிற ஊர் அது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சரி, தமிழில் தேடலாம் என்று பார்த்தால் அங்கே வேறு வழக்கு. முதலெழுத்தைக் குறிலாக்கி 'உரிகம்' என்று அடித்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் போய்விடுவோம். அங்கே உரிகம் என்றே ஓர் ஊர், அந்தப் பெயரிலேயே ஒரு வனச்சரகம். யானைச் செய்தியாக வருகிறது. நெடிலுக்கும் குறிலுக்கும் நடுவில் இரண்டு மாநிலம்.

தேடியந்திரம் என்ன செய்யும் பாவம்? அதன் எதிரே கோடிக்கணக்கான பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நெற்றியிலும் ஒரு வரி ஒட்டியிருக்கிறது. தேடினால் வரும் பட்டியலில் பெரிதாகத் தெரிகிற, நாம் தொட்டு உள்ளே போகிற வரி பெரும்பாலும் அதுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் டைட்டில் டேக் என்பார்கள். பக்கம் எதைப் பற்றியது என்று கணிக்கத் தேடியந்திரம் பார்க்கிற முக்கியமான அடையாளங்களில் அது ஒன்று. ஆள் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதைப் பார்த்துத்தான். பக்கத்துக்குள் ஆயிரம் சொல் எழுத ஒரு வாரம் செலவழிப்பவர்கள், இந்த ஒரு வரிக்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை. எழுதுகிற ஜாதி என்பதால் சொல்கிறேன், இதில் நானும் குற்றவாளிதான்.

இது கூகுள் கொண்டுவந்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். கூகுள் கம்பெனி பிறந்தது 1998-ல். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக்கு இரண்டாம் பதிப்பு விதிகளை 1995 நவம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு கட்டாயம் என்று அதில் இருக்கிறது. நீளமான தலைப்பைச் சில மென்பொருள்கள் வெட்டிவிடலாம் என்பதால் 64 எழுத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது. எனக்குப் பிடித்தது அடுத்த யோசனை: 'அறிமுகம்' என்று மொட்டையாகப் பெயர் வைக்காதே, பக்கத்தை விட்டுப் பிரிந்து தனியே நிற்கும்போது அதற்கு அர்த்தம் இருக்காது, எதற்கு அறிமுகம் என்றும் சொல். முப்பது வருஷம் ஆயிற்று. இன்னமும் 'முகப்பு', 'ஹோம்', 'புதிய பக்கம்' என்ற பெயரோடு எத்தனை பக்கங்கள் நடமாடுகின்றன!

பெயர் இல்லாததால் ஊர் தொலைந்துபோவதற்கு ஊரிகத்துக்கு அடுத்த ஸ்டேஷனிலேயே நல்ல உதாரணம் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக இறங்கி, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக்காரர்களும் கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடம் 1965-ல் அங்கே அகப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் வேறொரு குழுவும் அதே சமயத்தில் பிடித்தது. இங்கிருந்து போன கட்டுரை சில வாரம் முந்திக்கொண்டது. உலக இயற்பியல் சரித்திரத்தில் கோலார் தங்கவயலின் பெயர் ஏறிய இடம் அது. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பூமிக்கடியில் வெகு ஆழத்தில் காஸ்மிக் கதிர் நியூட்ரினோக்கள் உண்டாக்கிய மியூவான்களைக் கண்டறிதல்' என்று வரும். ஆழம் இருக்கிறது. ஊர் இல்லை. விஞ்ஞானிகளைக் குறை சொல்ல முடியாது. படிக்கப்போகிற விஞ்ஞானி எதைத் தேடுவாரோ அதைத்தான் வைத்தார்கள். சாம்பியனில் பிறந்த ஒரு பையன் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவான் என்று 1965-ல் யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆக, வைக்கிறவர் ஒருவர், தேடுகிறவர் இன்னொருவர். தேடுகிறவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அது தலைப்பில் இருந்தால் இருவரும் சந்திப்பார்கள். பங்காருப்பேட்டைக்கு அந்தக் காலத்தில் பவுரிங்பேட்டை என்று பெயர். தாத்தா வேலை பார்த்த ஊரை ஆஸ்திரேலியாவிலிருந்து தேடுகிற ஆங்கிலோ இந்தியப் பேரன் பழைய பெயரைத்தான் அடிப்பான். பெங்களூர் வீட்டுத் தரகர் புதுப் பெயரை அடிப்பார். ஒரே ஊர், இரண்டு தேடல், இரண்டு பக்கம், இரண்டு தலைப்பு.

எல்லாவற்றையும் ரயிலில் பெரிய மேதாவி மாதிரி யோசித்துக்கொண்டு ஊரிகத்தில் இறங்கினேன். போனது என் பெரியம்மா மகனைப் பார்க்க. அண்ணன் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறார். பெரியப்பா சாம்பியனில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்து, கடைசிவரை லைன் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனவர். அண்ணன் பெங்களூருக்கு ரயில் ஏற மாட்டேன் என்று அடுப்பைப் பற்றவைத்தார். ஆறு மாசத்துக்கு முன் யாரோ ஒரு பையனிடம் பணம் கொடுத்து வெப்சைட் போட்டிருந்தார்.

"இன்னாடா இது, காசு குட்துதானே பண்ணேன். ஒரு போனும் வர்லியே?"

போனில் திறந்து பார்த்தேன். "உன் பேஜோட பேரு இன்னா தெரியுமாண்ணே? ஹோம்."

"ஹோம்னா வீடு. வூட்லதானே சமைக்கிறோம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உள்ளே விலைப் பக்கத்துக்கும் ஹோம், போட்டோ பக்கத்துக்கும் ஹோம். ஒரே பெயரில் நாலு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதை. பெயர் மாற்றலாம் என்றதும் அண்ணன் உற்சாகமாகிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்: கேஜிஎஃப் நம்பர் ஒன் பிரியாணி, பெஸ்ட் பிரியாணி, மட்டன் பிரியாணி, சிக்கன் பிரியாணி, பிரியாணி ஆர்டர், மூணு தலைமுறை கைமணம். ஒரு தலைப்பில் ஐந்து பிரியாணி. இது பழைய வித்தை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்தால் மேலே வந்துவிடலாம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் செய்தார்கள். இப்போது தலைப்பில் சொற்களைத் திணிக்காதீர்கள் என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. தலைப்பு சரியில்லை என்று பட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்துக்குள் பெரிதாகத் தெரிகிற வரியையோ, அந்தப் பக்கத்துக்கு மற்றவர்கள் இணைப்புக் கொடுக்கும்போது எழுதிய சொல்லையோ எடுத்துக் காட்டிவிடும். 2021 ஆகஸ்டில் அந்த முறையை மாற்றியமைத்தபோது உலகம் முழுக்கப் பக்கம் நடத்துகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். சில திருத்தங்கள் செய்தபின், 100-க்குச் சுமார் 87 தடவை சொந்தக்காரர் வைத்த தலைப்பையே எடுத்துக்கொள்கிறோம் என்று அடுத்த மாதம் கூகுள் சொன்னது. மீதி 13-ல் போய் விழாமல் இருப்பது நம் கையில்.

அண்ணனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கொல்லைப்புறம் போனோம். மறுநாள் விசேஷத்துக்கு மூன்று தேக்ஸா கழுவிக் கவிழ்த்திருந்தது. மூடிகளை மட்டும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூடியிலும் சாக்பீஸால் எழுதியிருந்தது. ஒன்றில் 'மட்டன் 10 கிலோ, சர்ச் ஹால்'. இன்னொன்றில் 'சிக்கன் 15, ராபட்சன்பேட்டை'. மூன்றாவதில் 'வெஜ், சர்ச் ஹால், முதல்ல'. தம் போட்டு, மூடிமேல் நெருப்பு அள்ளிக் கொட்டினால் எழுத்து அழிந்துவிடாதா என்று கேட்டேன். இறக்கி, சாம்பலைத் துடைத்துவிட்டு, வண்டியில் ஏற்றுமுன் மறுபடி எழுதுவார்களாம். ஆட்டோக்காரர் மூடியைத் திறந்து பார்க்க முடியாதே. உள்ளே என்ன, எவ்வளவு, எங்கே போகணும், இந்த மூன்றும் வெளியே தெரிய வேண்டும்.

"மூடியில ஏண்ணே மூணு தலைமுறை கைமணம்னு எழுதல?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். போனில் ஆட்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று கேட்டேன். நூறு பேருக்கு எத்தனை கிலோ போடணும், எவ்வளவு ஆகும், எங்க ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா, இவ்வளவுதான் என்றார். அப்படியே எழுதினோம். முதல் பக்கத்துக்கு: கல்யாண பிரியாணி ஆர்டர், ஊரிகம், கோலார் தங்கவயல். விலைப் பக்கத்துக்கு: 100 பேருக்கு பிரியாணி எத்தனை கிலோ? விலைப் பட்டியல். கடைப் பெயர் இரண்டிலும் கடைசியில். ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்கள் நேராக போன் போட்டுவிடுவார்கள். தெரியாதவருக்கு அந்தப் பெயரால் ஆவது ஒன்றுமில்லை. பெரிய பிராண்டுகள் பெயரை முன்னால் வைக்கலாம். அண்ணனுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

நீளம் பற்றி ஒரு விஷயம், இது தமிழில் எழுதுகிறவர்களுக்கு. தலைப்புக்கு 60 எழுத்து, 65 எழுத்து என்று வகுப்பெடுக்கிறவர்கள் ஆங்கிலத்தை வைத்துச் சொல்கிறார்கள். கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை. திரையின் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. தலைப்பு நீளத்துக்கு உச்சவரம்பும் விதிக்கவில்லை. நம் எழுத்து உடம்பு பெருத்தது. ஆங்கிலத்தில் ஒல்லியான நாலு எழுத்து நிற்கிற இடத்தை ஒரு 'ணை' அடைத்துக்கொள்ளும். கணினியின் எண்ணிக்கையும் நம் கணக்கும் ஒத்துப்போகாது. 'ஊரிகம்' நமக்கு நாலெழுத்து. யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி ஆள், ஆக ஆறு. எண்ணுவதை விட்டுவிட்டு, முக்கியமான சொற்களை முதல் நாலு வார்த்தைக்குள் வைத்துவிட்டால் பின்னால் எங்கே வெட்டினாலும் கவலையில்லை.

பையன் போட்ட பக்கத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. உள்ளே தமிழில் எழுதியிருந்தாலும், மேலே தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். தங்கவயலில் இது சகஜம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ என்று வளர்ந்த பிள்ளைகள் தமிழைப் பேசுவார்கள், அடிப்பது ஆங்கில எழுத்தில். தலைப்பு ஒரு லிபியிலும் பக்கம் வேறு லிபியிலும் இருந்தால், பக்கத்தின் மொழிக்கும் லிபிக்கும் பொருந்துகிற தலைப்பைத் தானே தேர்ந்தெடுக்கும்படி 2022 ஜூனில் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. அப்போது காட்டிய உதாரணங்களில் ஆங்கில எழுத்தில் எழுதிய ஹிந்தித் தலைப்பும் ஒன்று. இந்தியா முழுக்க இருக்கிற வியாதி. தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழில், கன்னடக்காரர்களுக்கு வேண்டுமானால் தனியே ஒரு கன்னடப் பக்கம், அதற்குக் கன்னடத்தில் தலைப்பு என்று பிரித்தோம்.

லிபிச் சிக்கல் நமக்குப் புதிதில்லை. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி எழுத்துருக்களுக்குத் தரம் வகுக்கும்வரை ஒவ்வொரு பத்திரிகையும் தன் சொந்த எழுத்துருவில் இணையத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வகுத்த பின்னும் பலர் கேட்கவில்லை. கோவை செம்மொழி மாநாட்டையொட்டி 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முந்தைய பக்கங்கள் எத்தனையோ உருத்தெரியாத எழுத்துக் குப்பையாகத் தலைப்புத் தாங்கி நிற்கின்றன. சுரங்கம் மூடிய செய்தியே அந்தக் காலத்தியதுதான்.

பத்திரிகைக்காரனாக எனக்குத்தான் இதில் வயிற்றெரிச்சல் அதிகம். அச்சில் தலைப்பு கண் சிமிட்டலாம். 'மண்ணுக்குள் போன பொன்' என்று போட்டு, படத்தையும் பக்கத்தில் வைத்தால் வாசகர் புரிந்துகொள்வார். கையில் இதழ் இருக்கிறது, புரட்டிவிடுவார். அதே வரி படமில்லாமல், இதழில்லாமல், பத்து வரிகளுக்கு நடுவே தனியாக நின்றால் அது நகைக்கடை விளம்பரமா, காதல் தோல்விக் கவிதையா? இணையத்துக்கென்று தனியாக ஒரு தட்டையான தலைப்பு எழுதச் சொல்லும்போதெல்லாம் முனகியிருக்கிறேன். மூடியில் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்த பிறகு முனகல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தட்டையாக எழுதுவதற்கும் பொய்யாக எழுதுவதற்கும் நடுவே மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது: 'கேஜிஎஃப்பின் அதிர்ச்சி ரகசியம்' என்று கூப்பிட்டு, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறவர்கள். சாப்பாடு என்று எழுதிய தேக்ஸாவில் தண்ணீர் இருந்தால் அடுத்த தடவை யார் கூப்பிடுவார்கள்?

கிளம்பும்போது அண்ணனுக்கு ஒரு குறை பாக்கி. "கேஜிஎஃப்னு போடலியேடா. ஊரே அதானே?" படம் தேடுகிறவர்கள் கூட்டத்தில் உன் பிரியாணி எடுபடாது, தலைப்பில் கோலார் தங்கவயல் இருக்கட்டும், கேஜிஎஃப்பை உள்ளே எழுதுவோம் என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார். "அப்ப உரிகம்னு சின்ன 'உ' போட்டு அடிக்கிறவனுக்கு? தப்பா எழுதறவன் சோறு துன்ன மாட்டானா?" ஒரு தலைப்பில் ஒரு எழுத்துமுறை போதும், மற்றதைத் தேடியந்திரம் ஓரளவு தானே புரிந்துகொள்ளும் என்று சமாதானம் சொல்லி ரயில் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. நான் போன மறுநாளே அந்தப் பையனைக் கூப்பிட்டு, தலைப்பில் உரிகம் என்றும் சேர்த்துவிட்டிருக்கிறார்.

"டேய், ஒரு பார்ட்டி மாட்டிச்சு. காதுகுத்து. மட்டன் ரெண்டு தேக்ஸா, அட்வான்சும் போட்டு வுட்டாங்க. லொகேஷன் அனுப்பிருக்காங்க, வண்டிக்கு எவ்ளோ கேக்கறதுன்னு பாத்துச் சொல்லு."

திறந்து பார்த்தேன். அஞ்செட்டி தாண்டி, காட்டுக்குள்ளே, நூறு கிலோமீட்டருக்கு மேல்.